விழுவதற்குக் காசு வேண்டும்: சிமுலேட்டர், ரிமோட் விமானம், முதுகுளத்தூர் வானம்

1

கனவு காண்பதற்குக் காசு வேண்டியதில்லை. ராமேஸ்வரத்துப் பையன் விமானம் ஓட்டக் கனவு கண்டார், கடைசியில் ஜனாதிபதி ஆனார் என்கிற கதையாடல் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதிலே ஒரு சின்ன விவரத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்துல் கலாம் விமானி ஆகவில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, டேராடூனுக்கு விமானப்படைத் தேர்வுக்குப் போனார். 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். இடம் இருந்தது 8 பேருக்கு. இதை அவரே தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். வானத்தில் ஏறி, தவறு செய்து, இறங்கி, மறுபடி ஏறிப் பழகுகிற வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவேயில்லை. தேர்வு மேசையிலேயே விஷயம் முடிந்துபோனது.

கனவு பற்றிய சொல்லாடல் ஒரு கேள்வியை மறைத்துவிடுகிறது. எந்த வித்தையையும் விழுந்துதான் கற்கிறோம். அப்படியானால் விழுகிற செலவை யார் ஏற்பது? நீச்சலுக்குக் கண்மாய் இருந்தது. செலவு மூக்கில் ஏறுகிற தண்ணீர். சைக்கிளுக்கு மணிக்கணக்கில் வாடகை வண்டி இருந்தது. குரங்குப் பெடல் போட்டு முழங்கால் தோல் போனால் அதுதான் கட்டணம். (அந்த சைக்கிளையும் எல்லாத் தெருவிலும் எல்லோரும் ஏறி மிதித்துவிட முடியாது என்பது வேறு கதை, வேறு கதையும் இல்லை, இதே கதைதான்.) ரிமோட்டில் பறக்கிற ஒரு தெர்மாகோல் பயிற்சி விமானம், டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் சாதாரணமாகப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். முப்பது நாள் கூலிக்கு மேல். பழகாத கையில் அந்த விமானத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ‘ஒடஞ்சா முடிஞ்சு போச்சுய்யா, நமக்கெதுக்கு இந்த வேலை’ என்று வீட்டில் சொல்வது அறியாமை இல்லை, சரியான கணக்கு.

இந்தக் கணக்கை மாற்றுகிற சாதனம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் சிமுலேட்டர். அதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குபவர்களும் உண்டு, மாய யதார்த்தம் என்று தத்துவம் பேசி ஒதுக்குபவர்களும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது, எதைக் கற்றுத்தருகிறது, எதைக் கற்றுத்தராது, நம் பக்கத்தில் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2

சிமுலேட்டரின் கதை பியானோப் பட்டறையில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்கிற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கு விமானம் ஓட்டக் கற்க ஆசை. பயிற்சிக் கட்டணமோ கட்டுப்படியாகாதது. ஆர்கனுக்குக் காற்று ஊதுகிற துருத்திகளை எடுத்து, தரையில் நின்றபடியே சாய்ந்து, திரும்பி, குலுங்குகிற ஒரு பெட்டியை 1929இல் செய்தார். முதலில் அதை வாங்கிப்போட்டவர்களில் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள் முக்கியமானவர்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவிடம் தபால் கொண்டுபோகிற வேலை ஒப்படைக்கப்பட்டது. மூடுபனியிலும் இரவிலும் ஓட்டிப் பழகாத விமானிகள் வரிசையாக விழுந்து செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அந்த நீலப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள். ஆக, காசில்லாத ஒருவர் விழுகிற செலவைக் குறைக்கச் செய்தது, பொம்மையாக விற்றது, கடைசியில் ராணுவத்துக்குப் போனது.

ரிமோட் விமானத்தின் கதையும் இதே பாதைதான். நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் ரேடியோவால் ஓட்டுகிற படகைக் காட்டினார். 1935இல் பிரிட்டன், பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காக ஆளில்லாத விமானம் ஒன்றைச் செய்து ‘ராணித் தேனீ’ என்று பேர் வைத்தது. ஆண் தேனீயைக் குறிக்கிற ‘டிரோன்’ என்ற சொல் அந்தப் பேரை ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது என்பார்கள். ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி 1930களில் மாடல் விமானக் கடை வைத்திருந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கியது, போர்க்காலத்தில் ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் இலக்கு விமானம் செய்கிற ரேடியோப்ளேன் கம்பெனியானது. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை ராணுவப் புகைப்படக்காரர் படமெடுத்தார். அந்தப் பெண் பின்னாளில் மர்லின் மன்றோ ஆனார். பொழுதுபோக்கு, சினிமா, போர் மூன்றும் ஒரே கூரையின் கீழே. போரும் சினிமாவும் ஒன்றையொன்று எப்படி வளர்த்தன என்று பால் விரிலியோ 1984இல் ஒரு புத்தகமே எழுதினார்.

ரிமோட் விமானத்துக்கான கம்ப்யூட்டர் சிமுலேட்டர்கள் 1990களின் கடைசியில் பரவலாயின. ரியல்ஃப்ளைட் போன்றவை விலைக்கு. ஜெர்மனியில் உருவான எஃப்.எம்.எஸ்., பிறகு வந்த பிக்காசிம் போன்றவை இலவசம். உள்ளே நடப்பது மாயமில்லை, கணக்கு. இறக்கையின் அளவு, எடை, காற்றின் வேகம், மோட்டார் இழுவை, நீங்கள் குச்சியைத் தள்ளிய அளவு எல்லாவற்றையும் வைத்து, அடுத்த நொடித் துணுக்கில் விமானம் எங்கே இருக்கும் என்று விடாமல் கணக்குப் போட்டுத் திரையில் வரைந்துகொண்டே இருக்கும். எஃப்.எம்.எஸ். மாதிரி பழைய நிரல்களுக்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப், பேட்டரி செத்துப்போய் ஒயரில் மட்டும் ஓடுகிற நிலையில் பல வீட்டுப் பரணில் கிடக்கிறதே, அதுவே போதும்.

3

இனி, கற்பது எப்படி?

குச்சிகள் இரண்டு. நம் நாட்டில் அதிகம் புழங்குகிற முறையில் இடது குச்சியை மேலே கீழே தள்ளினால் மோட்டார் வேகம் கூடும், குறையும். பக்கவாட்டில் தள்ளினால் வாலில் நிற்கிற ரட்டர் திரும்பும். வலது குச்சியைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மூக்கைத் தூக்கும், முன்னால் தள்ளினால் இறக்கும்; பக்கவாட்டில் தள்ளினால் ஏலெரான் இறக்கையைச் சாய்க்கும். கீபோர்டில் பழகாதீர்கள். கீபோர்டுக்கு ஆம், இல்லை இரண்டுதான் தெரியும். குச்சிக்குக் ‘கொஞ்சம்’ தெரியும். பறப்பது முழுக்க அந்தக் கொஞ்சத்தில் இருக்கிறது. நிஜ டிரான்ஸ்மிட்டரையே யு.எஸ்.பி. ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைக்கலாம். பின்னால் களத்திலும் அதே குச்சி, அதே கை.

விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஜெட்டைத் தொடவேண்டாம். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற, இரண்டு இறக்கையும் லேசாக மேல்நோக்கி வளைந்த, மெதுவான பயிற்சி விமானம் போதும். அந்த வளைவுக்கு ஒரு குணம் உண்டு. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் குச்சியை விட்டுவிட்டால் தானாக நிமிரப் பார்க்கும். புதிதாகப் பிடிப்பவர்கள் பயத்தில் குச்சியை இறுக்கிக்கொண்டே இருப்பார்கள். கையை எடுக்கப் பழகுவதே முதல் பாடம்.

இரண்டாவது பாடம், இறக்கை காற்றை இழப்பது. விமானம் இறங்குகிறது என்று பதறி மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் வேகம் குறையும். ஒரு கட்டத்தில் இறக்கைக்கு மேலே ஓடுகிற காற்று பிரிந்து, தூக்கிப்பிடிக்கிற விசை சட்டென்று போய்விடும். விமானம் கல் மாதிரி விழும். காப்பாற்ற வேண்டுமானால் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகம் சேர்த்து, பிறகு நிமிர்த்த வேண்டும். விழுகிற நேரத்தில் மூக்கை இன்னும் தாழ்த்துவது புத்திக்கு எதிரானது. புத்தகத்தில் இதைப் படித்தால் புரியும், கைக்குப் போய்ச் சேராது. சிமுலேட்டரில் ஐம்பது தடவை விழுந்தால் சேரும்.

மூன்றாவதுதான் இந்த வித்தையின் நடு நரம்பு. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது அதன் வலது உங்கள் வலது. திரும்பி உங்களை நோக்கி வரும்போது அதன் வலது உங்கள் இடது. கண் தரையில் நிற்கிறது, கை வானத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே திசை புரண்டுவிடுகிறது. பெரும்பாலான புது விமானங்கள் நொறுங்குவது இங்கேதான். தன்னிலை, மற்றமை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, எதிரே வருகிறவரின் இடத்தில் நின்று இடம் வலம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்தப் பத்து நொடி காட்டிவிடும். பழைய ஆட்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எதிரே வருகிற விமானத்தில் எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளு. சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி. இடமா வலமா என்று யோசிக்கவே வேண்டாம். தாழ்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடு, நிமிர்ந்துவிடும். இதை அரசியலாகவும் வாசிக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் விலகிப் போகிற நேர்ப் பறத்தலும் பெரிய வளைவுகளும். பிறகு எதிரே வருவது மட்டும். பிறகு எட்டு போடுவது. எட்டில் இடது வளைவும் வலது வளைவும் வரும், விலகலும் நெருங்கலும் வரும், ஏமாற்ற முடியாது. பிறகு இறக்கம், ஓடுதளத்தை ஒட்டி ஒரு செவ்வகம் போட்டு, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, குறித்த இடத்தில் வைப்பது. கடைசியில் சிமுலேட்டரில் காற்றைப் போட்டுவிட்டு, நடுவானில் மோட்டாரை நிறுத்திவிட்டு இறக்குவது. ஒரே ராத்திரியில் மூன்று மணி நேரம் ஓட்டுவதைவிட, தினம் இருபது நிமிடம் ஓட்டுவது கைக்கு நல்லது. சிலம்பத்தில் முதலில் காலடிதான் பழகுகிறோம். அதை யாரும் போலி என்று சொல்வதில்லை.

4

‘போலச்செய்தல்’ பற்றிப் பேசும்போது ழான் போத்ரியாரை விட்டுவிட்டுப் போக முடியாது. நகல் மூலத்தைத் தின்றுவிட்டது, இனி மூலமே கிடையாது என்கிற வாதத்தை அவர் 1981இல் வைத்தார். 1991இல் வளைகுடாப் போர் நடக்கவேயில்லை என்று எழுதியபோது அது இன்னும் பிரபலமானது. பாக்தாத்தில் குண்டுக்குக் கீழே இருந்தவருக்கு அது நடந்தது. ரிமோட் விமானம் பழகுகிறவருக்கும் மூலம் செத்துப்போகவில்லை. கண்மாயில், காற்றில், கருவேல முள்ளில் காத்துக்கொண்டிருக்கிறது. நகலுக்கும் மூலத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும் என்பதுதான் நமக்குக் காரியம்.

திரை தட்டையானது. இரண்டு கண்ணால் அளக்கிற ஆழம் அதில் இல்லை. விமானம் மரத்துக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைத் திரை சொல்லித்தராது. கண்ணோரத்தில் தெரிகிற தரை, மாடு, பிள்ளைகள் திரையில் இல்லை. சூரியனுக்குள் விமானம் போய் மறைகிற அந்த இரண்டு நொடிக் குருட்டுத்தனம் பெயருக்குத்தான் இருக்கும். விமானம் சின்னதாகிப் போனால் சில சிமுலேட்டர்கள் தானாகவே பெரிதாக்கிக் காட்டும். நிஜ வானம் அந்த உபகாரத்தைச் செய்யாது.

காற்றும் அப்படித்தான். சிமுலேட்டரின் காற்று ஒரு எண். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆடி மாச மேகாத்து எண்ணில் அடங்காது. கரையில் அதையே கச்சான் என்பார்கள். பனைக்கூட்டத்தில் மோதிச் சிதறும், கண்மாய்க் கரையில் ஏறிக் குதிக்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது முகத்தில் அடிக்கும். ஒரு கிலோகூட இல்லாத விமானத்துக்கு அது யமன். விடிந்து வெயில் ஏறுவதற்கு முந்திய நேரம்தான் பழகுகிறவருக்கு உகந்தது. தண்ணீர் வற்றிய கண்மாய் போல நல்ல மைதானம் கிடையாது, மின்கம்பியும் மேய்ச்சல் ஆடும் இல்லாத பக்கமாக நின்றுகொண்டால். விழுந்தால் சீமைக்கருவேலத்துக்குள் போய் எடுக்க வேண்டும். அந்த முள்ளுக்கு எந்தச் சிமுலேட்டரிலும் சமானம் இல்லை.

அடுத்தது, அந்த ஒரு பொத்தான். விமானம் நொறுங்கியதும் தட்டினால் புதுசாக வந்து ஓடுதளத்தில் நிற்கும். காசில்லாதவருக்கு அதுதான் வரம். ஆனால் தவறுக்கு நினைவே இல்லாமல் போவதும் அதனால்தான். நூறு தடவை விழுந்தவர் நூறாவது தடவையும் ஏன் விழுந்தார் என்று தெரியாமல் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்கலாம். ஒரு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. விழுந்தவுடன் தட்டாமல், ஏன் விழுந்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தட்டுவது. ரெண்டு பேர் சேர்ந்து பழகினால் இன்னும் நல்லது. ஒருவர் ஓட்ட, மற்றவர் கேட்பார். சிமுலேட்டரிலிருந்து களத்துக்குப் போகும்போதும் தனியாகப் போகக்கூடாது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்து, தெரிந்தவர் கையில் ஒன்று, பழகுகிறவர் கையில் ஒன்று என்று பறக்கலாம். தப்பானால் தெரிந்தவர் பொத்தானை விட்டுக் கட்டுப்பாட்டைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று. சிமுலேட்டரின் நிலம் எப்போதும் அமெரிக்க, ஐரோப்பியப் புல்வெளி. வெட்டிவிட்ட பச்சை, தூரத்தில் பைன் மரம். விழுந்து பழகுகிற இடத்தில்கூட நம் நிலம் இல்லை. ஆனால் சில இலவச நிரல்களில் நிலக்காட்சியை நாமே செய்து போட முடியும். சொந்தக் கண்மாயின் நடுவில் நின்று சுற்றிலும் படமெடுத்து, கரை, பனை, கோயில், மின்கம்பம் எல்லாம் இருக்கிற இடத்தில் வைத்தால், திரையில் பழகியது களத்தில் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. நம் பக்கத்து கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

5

இப்போது அண்ணாந்து பார்ப்போம். ராமநாதபுரத்து வானம் காலியாக இல்லை.

உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் 2009இல் முறையாகச் செயல்பாட்டுக்கு வந்தது. 2012 ஏப்ரலில் ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு அங்கே தொடங்கப்பட்டது. ஹெரான், சர்ச்சர் என்கிற இஸ்ரேலியத் தயாரிப்புகள். ஹெரானின் இறக்கை நீளம் மட்டும் 16.6 மீட்டர். இதுவும் ரிமோட் விமானம்தான், ஓட்டுகிறவர் தரையில்தான் இருக்கிறார். ஆனால் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. பொழுதுபோக்கு விமானத்தை ஓட்டுகிறவர் கீழே நின்று மேலே பார்க்கிறார். ராணுவ டிரோனை ஓட்டுகிறவர் திரை வழியாக மேலேயிருந்து கீழே பார்க்கிறார். அவர் பழகிய திரையும் அவர் வேலை பார்க்கிற திரையும் ஏறக்குறைய ஒன்றே. களம் என்று தனியாக ஒன்று அவர் உடம்புக்குக் கிடையாது. கொல்லுகிற உடம்பு சாகும் அபாயத்திலிருந்து முழுக்க விலக்கப்பட்டுவிட்டால் போரின் அறமே மாறிவிடுகிறது என்று பிரெஞ்சுத் தத்துவவாதி கிரெகுவார் ஷமாயு 2013இல் டிரோன் பற்றிய தன் புத்தகத்தில் விவாதித்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் இது புத்தக விவாதம் இல்லை. இலங்கை விமானப்படையின் ஆளில்லா வேவு விமானங்கள் வன்னி மக்கள் தலைக்கு மேலே சுற்றியபோது அவர்கள் அதற்கு வைத்த பேர் ‘வண்டு’. பிரிட்டிஷ்காரன் தேனீ என்றான், அமெரிக்கன் ஆண் தேனீ என்றான். கீழே பதுங்குகுழியில் இருந்தவர்களுக்குக் கேட்டது வண்டின் இரைச்சல். வண்டு வந்துவிட்டுப் போனால் அடுத்து ஷெல்லோ கிபிரோ வரும் என்று காதால் கற்றுக்கொண்டார்கள். மேலேயிருந்து வைக்கிற பேருக்கும் கீழேயிருந்து வைக்கிற பேருக்கும் உள்ள வித்தியாசம்தான் பார்வையின் அரசியல்.

இந்தப் பக்கம், முதுகுளத்தூர் என்ற பேர் தமிழ்நாடு முழுக்க 1957 கலவரத்தின் பேராகவே தெரியும். செப்டம்பர் 10 அன்று அமைதிக் கூட்டம். மறுநாள் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் ஐந்து பேரைச் சுட்டது. 2011 செப்டம்பர் 11 அன்று, அதே நினைவு நாளில், பரமக்குடியில் தலித் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் ஆறு பேர் செத்தார்கள். இப்போது செப்டம்பர் 11 பரமக்குடிக்கும் அக்டோபர் 30 பசும்பொன்னுக்கும் போலீஸ் பந்தோபஸ்தில் டிரோன் கேமராவும் சேர்ந்துவிட்டது. நம் ஆட்களில் நிறையப் பேர் டிரோனை முதன்முதலாகப் பார்த்தது இப்படித்தான்: தன்னைப் பார்க்கிற கண்ணாக.

இப்படிப்பட்ட வானத்தின் கீழே ஒரு பையனோ பெண்ணோ கண்மாயில் நின்று, தன் கையால் ஒரு விமானத்தை ஏற்றி, எட்டு போட்டு, இறக்குவது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் அந்த நிமிடத்தில் பார்வையின் திசை மாறுகிறது. கீழே நிற்பவர் மேலே இருப்பதை ஓட்டுகிறார். அதுவும் எல்லோரும் பார்க்க, தன் தலையும் அதே வானத்தின் கீழே இருக்க. விழுந்தால் தன் ஊருக்குள்தான் விழும் என்கிற பொறுப்போடு. ரிமோட் விமானச் சிமுலேட்டர் இந்தப் பார்வையைக் கைவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற விமான விளையாட்டுகள் உங்களைக் காக்பிட்டில் உட்கார வைக்கும். இது உங்களைத் தரையில் நிற்க வைத்து அண்ணாந்து பார்க்க வைக்கும்.

6

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், வியாபாரமில்லாமல் பறக்கிற மைக்ரோவுக்கும் ஓட்டுநர் சான்றிதழ் வேண்டியதில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. ராணுவ, கடற்படைத் தளங்களை ஒட்டிய வான்வெளிக்கு அனுமதி வேண்டும். பறப்பதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். நம் மாவட்டத்தில் கையில் ரிமோட்டோடு நிற்கிற ஒருவரை, அதுவும் இன்ன தெருக்காரர் என்று தெரிந்தால், போலீஸ் எப்படிப் பார்க்கும் என்பது விதியில் எழுதப்பட்டிருக்காது. கூட்டமாக, பள்ளிக்கூடத்தின் பேரிலோ சங்கத்தின் பேரிலோ பறப்பதற்கு இது ஒரு காரணம்.

பொழுதுபோக்கைத் தாண்டிய ஒரு காரியமும் இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு மருந்தடிக்கிற டிரோன், 1,261 கோடி ரூபாய், விலையில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 8 லட்சம் மானியம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி: 5 நாள் கட்டாய ஓட்டுநர் பயிற்சி, 10 நாள் உரமும் மருந்தும் தெளிக்கிற பயிற்சி. தமிழ்நாட்டில் பயிற்சி தருவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கலாம் படித்த அதே எம்.ஐ.டி. வளாகத்தின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த 2018இல், ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாவதாக வந்தது. திறமை சென்னையில் இருக்கிறது. முண்டு மிளகாய் முதுகுளத்தூரிலும் கமுதியிலும் கடலாடியிலும் இருக்கிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இலைப்பேனுக்கு மருந்தடிக்கிறவர் இன்றும் முதுகில் டேங்கைச் சுமந்து, விஷத்தை மூச்சில் வாங்கிக்கொண்டு அடிக்கிறார். டிரோன் அந்த உடம்பை விஷத்திலிருந்து விலக்கும். கூலியிலிருந்தும் விலக்கும். குச்சி யார் கையில் இருக்கிறது என்பது அதனால்தான் முக்கியம்.

இங்கேதான் விழுகிற கேள்வி திரும்ப வருகிறது. பயிற்சியில் சிமுலேட்டரும் உண்டு. ஆனால் அது பயிற்சி மையத்தில், அந்தச் சில மணி நேரத்துக்கு. மருந்து டிரோன் ஜி.பி.எஸ். இருக்கும்வரை தானாக நிற்கும். கற்றவர் கெட்டிக்காரர் மாதிரித் தெரியும். ஜி.பி.எஸ். விட்டுப்போனால் காற்றோடு நகரத் தொடங்கும். அப்போது கை தெரிய வேண்டும். பதினைந்து நாளில் வந்த கை, நான்கு மாசம் ஓட்டாமல் இருந்தால் மறந்துபோகும். ஊருக்குத் திரும்பிய பெண், பல லட்ச ரூபாய் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, விழுந்தால் குழுக்கடன் என்கிற பயத்தில், அதைத் தொடாமலே இருக்கலாம். அல்லது ‘நீ தள்ளும்மா’ என்று வீட்டு ஆம்பளை வாங்கி ஓட்டலாம். இயந்திரம் கொடுத்தாயிற்று, விழுகிற உரிமையைக் கொடுக்கவில்லை.

பக்கத்தில் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது நினைவிருக்கலாம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். லட்சம் பெண்கள் கற்றார்கள் என்று சொல்லப்பட்டது. அங்கே கூட்டமாக, பகிரங்கமாக, சிரித்துக்கொண்டு விழுந்தார்கள். விழுவது அவமானம் இல்லை என்று ஆனபிறகுதான் சைக்கிள் ஓடியது.

அதே காரியத்தை இங்கே செய்வதற்கு அதிகம் தேவையில்லை. கிளை நூலகத்திலோ ஊராட்சிக் கட்டிடத்திலோ, மகளிர் குழு கூடுகிற இடத்திலோ ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒரு யு.எஸ்.பி. டிரான்ஸ்மிட்டர். இலவச நிரல் ஒன்று. பல குச்சி டிரோனுக்கும் இறக்கை விமானத்துக்கும் பழகலாம். நம் கண்மாயின் படம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரக்கூடிய பொது இடமாக அது இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. ஒருவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் யார் யார் படியேற முடியும் என்பது நமக்குத் தெரியும். டிரோன் வாங்க மானியம் கொடுக்கிற ஒவ்வொரு திட்டத்திலும், வாங்கிய ஊரில் சிமுலேட்டர் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில் அது சில்லறைக் காசு. கிராமசபையில் தீர்மானமாகவே வைக்கலாம்.

கேட்டால் ‘பிள்ளைக வெளையாடுறதுக்கா?’ என்று ஒருவர் கேட்பார். ஆமாம், விழுந்து விளையாடத்தான் என்று சொல்லிவிட்டுத் தீர்மானத்தில் கையெழுத்து வாங்க வேண்டியதுதான்.